முதல் ஒரு மணி நேரம்

ஜனவரி 9

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே? அங்கே குளிர் எலும்பு வரைக்கும் போகிறது என்று போனில் சொன்னாய். அதற்கப்புறம் நீ சொன்னது ஒன்றும் என் காதில் ஏறவில்லை. உன் குரலைக் கேட்டு நான் அழ, என்னைக் கேட்டு நீ அழ, கால் மணி நேரம் போனதுதான் மிச்சம். இனிமேல் எழுதிக்கொள்வோம். காகிதத்திலாவது இரண்டு பேரும் ஒழுங்காகப் பேசுவோம்.

சின்னவனுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். உப்பு கூடாது, தக்காளி கூடாது, வாழைப்பழம் கூடாது, தண்ணீர் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் கூடாது. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இதையெல்லாம் நீ சொல்லிப் பார், தெரியும். தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். எடை இறங்கிக்கொண்டே போகிறது.

நீ சொன்ன யோசனைதான் கொஞ்சம் வேலை செய்கிறது. 'நாட்டுக்கு ஒரு பலகாரமா பிள்ளைங்களையே செய்யச் சொல்லுக்கா, தான் செஞ்சதைத் தின்னாம இருக்க மாட்டாங்க' என்றாயே. வார்டில் ஒரு சலுகை உண்டு. மெஷினில் போட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளைகள் ஆசைப்பட்டதைக் கொஞ்சம் சாப்பிடலாம். கூடாதது கொஞ்சம் உள்ளே போனாலும் மீதி நேரத்தில் மெஷின் இழுத்துவிடும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அதனால் செவ்வாய் சாயங்காலம் சமையல், புதன் காலை வார்டில் சாப்பாடு. முதலில் இத்தாலி, பாஸ்தா. நீ சொன்னபடி தக்காளிக்குப் பதில் சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு அரைத்தோம். பெரியவள் தோல் உரித்தாள், சின்னவன் அரைத்தான், மிக்சி மூடியை நான் சரியாகப் போடவில்லை. கூரையில் இன்னும் இத்தாலி இருக்கிறது. ஆனால் ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டான்.

உன் மாமா நலம். லிப்ட் ரிப்பேர்க்காரராயிற்றே, ஊரில் எந்த லிப்டில் யார் மாட்டிக்கொண்டாலும் ஓடிப்போய் இறக்கிவிடுகிறார். வீட்டில் மாட்டிக்கொண்ட எங்களை இறக்கிவிடத்தான் ஆள் இல்லை.

சிறுநீரகம் மாற்றுவதைப் பற்றி டாக்டர் மறுபடி பேசினார். என் ரத்த வகையும் சேராது, உன் மாமாவுடையதும் சேராது. ஓ வகை வேண்டும். "சொந்தத்துல வேற யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பழைய பெட்டியைக் குடைந்தபோது உன் பள்ளிக்கூட அடையாள அட்டை கிடைத்தது. இரட்டைச் சடையோடு முறைக்கிறாய். வகுப்பு, முகவரி, ரத்த வகை எல்லாம் பச்சை மையில் எழுதியிருக்கிறது. சும்மா சொன்னேன்.

அடுத்த நாட்டை அனுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

பிப்ரவரி 2

அன்பு அக்காவுக்கு,

குட்டி. இங்கே நாங்கள் இருவரும் நலம். சின்னவன் ஒரு கிண்ணம் சாப்பிட்டான் என்று படித்ததும் பேக்கரியில் என்னோடு வேலை செய்கிற எல்லோரிடமும் சொன்னேன். நான் என்ன சொல்கிறேன் என்று அவர்களுக்குப் பாதிதான் புரிந்தது, ஆனாலும் கை தட்டினார்கள்.

வேலை எப்போதும்போல. காலையில் போனால் மாவு, மாவு, மாவு. என் புருவத்தில்கூட மைதா இருக்கிறது என்று அவர் கிண்டல் செய்கிறார். குழந்தைக்காக ஏழு வருஷமாகப் பார்க்கிற வைத்தியம் இந்த மாதமும் தொடர்கிறது. புது டாக்டரம்மா நம்பிக்கையாகப் பேசுகிறார். "மொதல்ல நமக்குன்னு ஒண்ணு பொறக்கட்டும், அதுவரைக்கும் உன் உடம்புல யாரும் கை வைக்கக் கூடாது" என்று வீட்டுக்காரர் சொல்கிறார். எதற்காகச் சொன்னார் என்று கேட்காதே. ஏதோ பேச்சில் வந்தது.

அந்த அட்டையில் நான் முறைத்திருப்பேன்தான். புகைப்படக்காரர் என்னைச் சிரிக்கச் சொல்லிக் கன்னத்தைக் கிள்ளினார், நினைவிருக்கிறது. ரத்த வகையும் நினைவிருக்கிறது, அக்கா.

சரி, இந்த முறை மெக்சிகோ. மைதாவில் கொஞ்சம் எண்ணெய், பொறுக்கும் சூட்டில் வெந்நீர். பிசைந்து அரை மணி நேரம் மூடி வை. அதை அவசரப்படுத்தாதே, உனக்குப் பொறுமை கிடையாது. மெல்லிசாகத் தேய்த்துக் காய்ந்த கல்லில் போட்டுக் கொப்புளம் வந்ததும் திருப்பு. உள்ளே வைக்க முட்டைக்கோஸும் கொஞ்சம் கோழிக்கறியும். வெங்காயத்தை நன்றாகச் சிவக்கவிடு, எலுமிச்சம்பழம் பிழி, மிளகு தட்டிப் போடு. உப்பு இல்லாத குறை பாதி தெரியாது.

மீதிப் பாதிக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மாமாவைக் கேட்டதாகச் சொல். பெரியவளுக்கும் சின்னவனுக்கும் முத்தங்கள்.

குட்டி

பிப்ரவரி 24

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாவற்றையும் படித்தேன். ஏதோ பேச்சில் வந்ததையும் படித்தேன். மாப்பிள்ளை சொல்வதில் தப்பே இல்லை. வைத்தியத்தை விடாதே.

மெக்சிகோ பெரிய வெற்றி. நான் பத்து நிமிடத்தில் மாவைத் திறந்தேன் என்று பெரியவள் உனக்கு எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன். வட்டமாக வந்தது ஒன்றுகூட இல்லை. பெரியவள் பள்ளிக்கூட அட்லஸை விரித்து, எது எந்த நாட்டு வடிவத்தில் வந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். சின்னவன் தேய்த்தது ஒன்று ஆஸ்திரேலியா என்றாள். "அப்ப இதை நான்தான் தின்பேன், அது பெரிய நாடு" என்று தனியாக எடுத்து வைத்துக்கொண்டான். பதிமூன்று வயதுப் பெண்ணும் ஒன்பது வயதுப் பையனும் மூஞ்சியெல்லாம் மாவோடு சிரித்தபோது, இந்த வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை என்றே ஐந்து நிமிடம் நினைத்துவிட்டேன்.

வார்டில் பக்கத்துக் கட்டில் பெண்ணும் எதிர்க் கட்டில் பையனும் டப்பாவையே பார்த்தார்கள். ஆளுக்குப் பாதி கொடுத்தான். அவர்களுடைய அம்மாக்கள் செய்முறை கேட்டார்கள். ஜெராக்ஸ் கடைக்காரியிடம் கேட்டால் சும்மா இருப்பேனா? உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை மட்டும் ஏழு பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஒன்றை லேமினேஷன் செய்து நர்ஸம்மா சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நீ இப்போது வார்டில் பெரிய ஆள்.

ஒன்றே ஒன்று. சாப்பிட்டு முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா சாப்பாடு இன்னும் சாப்பாடா ஆகலம்மா" என்றான். வீட்டில் உப்பு ஜாடியை அலமாரி மேல் வைத்திருக்கிறேன். நாற்காலி போட்டு ஏறி அதை மோந்து பார்த்துவிட்டு இறங்குகிறான். எடுப்பதில்லை. அதை நான் பார்த்தது அவனுக்குத் தெரியாது.

வேறு விசேஷம் இல்லை. உங்கள் சுகத்துக்குப் பதில் எழுது.

அக்கா

மார்ச் 15

அன்பு அக்காவுக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன். என்னோடு வேலை செய்கிற ஒரு பெண்ணின் அண்ணன் நாளை விமானம் ஏறுகிறார். அவரிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன்.

சின்னவன் மோந்து பார்த்துவிட்டு இறங்குகிறான் என்று படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடை கடையாக ஏறினேன். கடைசியில் கிடைத்துவிட்டது, அக்கா. உப்பு! சோடியம் துளிகூட இல்லாத உப்பு. டப்பாவின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது; படித்துவிட்டுத்தான் வாங்கினேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன். லேசாக ஒரு கசப்பு பின்னால் வரும், ஆனால் உப்புதான். நான்கு டப்பா இருக்கிறது. தாராளமாகப் போடு.

கூடவே சீனப் பலகாரம். மாவைச் சின்ன வட்டமாகத் தேய்த்து, உள்ளே முட்டைக்கோஸ் வைத்து, ஓரத்தை மடித்து மடித்து மூடி ஆவியில் வேகவை. எனக்காக ஒன்றை உப்புப் போட்ட அன்றைக்குச் சாப்பிடச் சொல்.

இவ்வளவாவது என்னால் முடிந்ததே என்று இருக்கிறது.

உன் குட்டி

ஏப்ரல் 8

என் தங்கக் குட்டிக்கு,

நீ நன்றாயிருக்க வேண்டும். உன் வயிறு நிறைய வேண்டும். வேறென்ன எழுதுவேன்?

பொட்டலம் வந்தது. செவ்வாய் சாயங்காலம் சின்னவனே டப்பாவைத் திறந்தான். முட்டைக்கோஸில் ஒரு சிட்டிகை போட்டுக் கையில் எடுத்து நக்கினான். அப்படியே நின்றான். "என்னடா?" என்றேன். "அம்மா, வந்துருச்சு" என்றான். அவ்வளவுதான். பதினாறு சாப்பிட்டான், குட்டி. எண்ணிக்கொண்டிருந்த பெரியவள் பாதியில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வெந்நீரைக் கொட்டப் போன உன் மாமா வெகுநேரம் வரவில்லை.

இப்போது வார்டுக்கு என்றில்லை, வீட்டிலும் தினம் தினம் சாப்பிடுகிறான். மூன்று வாரத்துக்கு முன்பு தட்டைத் தள்ளிவிட்ட பிள்ளை, இன்று "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்கிறான். நேற்று எடை பார்த்தார்கள். கூடியிருக்கிறது.

நீ எழுதியதையும் ஏழு பிரதி எடுத்து வார்டில் கொடுத்துவிட்டேன். உப்பு எழுதியிருக்கிற பக்கத்தையும் சேர்த்துத்தான். மற்றப் பிள்ளைகளும் நாலு வாய் சாப்பிடட்டுமே.

பெரியவள் அடுத்து ஜப்பான் வேண்டும் என்கிறாள், சின்னவன் பிரான்ஸ் என்கிறான். சண்டை நடக்கிறது. எவ்வளவு நாளாயிற்று இந்த வீட்டில் சண்டை நடந்து! இருவரும் உனக்கு அன்பு சொல்லச் சொன்னார்கள்.

அக்கா

மே 5

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பேக்கரியில் ஒருமுறை, வண்டியில் ஒருமுறை, வீட்டுக்கு வந்து அவருக்குச் சத்தமாக ஒருமுறை. பதினாறு என்றதும் அவரும் சிரித்தார். "பாத்தியா, நம்மால முடிஞ்சதைச் செஞ்சிட்டோம்ல?" என்றார். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

ஜப்பானும் பிரான்ஸும் இரண்டையும் அனுப்புகிறேன், சண்டை வேண்டாம். தனித்தாளில் இருக்கிறது. பிரான்ஸுக்குப் பால் குறைவாக, பாதிக்குப் பாதி தண்ணீர்.

உப்பு தீர்ந்திருக்குமே? இன்னும் ஆறு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். அதற்கப்புறம் ஏன் உன்னிடமிருந்து கடிதம் இல்லை? கடையில் பரீட்சை நேரக் கூட்டமா? ஒரு வரியாவது எழுது.

குட்டி

ஜூன் 2

குட்டிக்கு,

அனைவரும் நலம். உங்கள் நலமும் அவ்வாறே என்று நம்புகிறேன்.

பெரியவளுக்குப் பரீட்சை, கடையில் கூட்டம். செவ்வாய்க்கிழமைச் சமையலை நிறுத்தி வைத்திருக்கிறோம். வெயிலும் அதிகம். நீ பொட்டலம் எதுவும் அனுப்ப வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஜூன் 11

அன்புள்ள சித்திக்கு,

நான் பெரியவள் எழுதுகிறேன். நீங்களும் சித்தப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? நான் நலம். இந்தக் கடிதம் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. தபால் தலை என் காசில் வாங்கினேன்.

அம்மா உங்களுக்கு என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியும், உறையை நான்தான் ஒட்டினேன். பரீட்சை எல்லாம் பொய். எனக்குப் பரீட்சை மார்ச்சிலேயே முடிந்துவிட்டது.

ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி டிவி பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கப் போனவன் எழுந்திருக்கவில்லை. "அக்கா, என் கால் ரெண்டும் பஞ்சாயிட்ட மாதிரி இருக்கு" என்று சொன்னான். நான் விளையாடுகிறான் என்று நினைத்தேன். அப்புறம் கையும் வரவில்லை. அப்பா தூக்கிக்கொண்டு ஓடினார். இதயம் சரியாக அடிக்கவில்லை என்று சொல்லி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஏழு நாள் தீவிர சிகிச்சையில் இருந்தான்.

டாக்டர், வீட்டில் என்னென்ன சாப்பிட்டான் என்று கேட்டார். அம்மா டப்பாவை எடுத்துக் காட்டினாள். அவர் பின்பக்கத்தில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தார். சோடியம் இல்லைதான். அதற்குப் பதிலாக முழுக்க முழுக்கப் பொட்டாசியம். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அது விஷம் மாதிரியாம், தக்காளி வேண்டாம் வாழைப்பழம் வேண்டாம் என்பதே அதற்காகத்தானாம். அம்மா அப்போது அழவில்லை. "ஐயோ, பிரதி குடுத்துட்டேனே" என்று கத்திக்கொண்டு வார்டுக்கு ஓடினாள். ஒவ்வொரு கட்டிலாகப் போய்த் தாளைத் திரும்ப வாங்கினாள். ஏழில் ஆறு கிடைத்தது. ஏழாவது ஆள் வெளியூர். அப்பா பஸ் ஏறிப் போய் வாங்கிவந்தார். நல்லவேளை, அவர்கள் அந்த உப்பைத் தேடிக் கடையில் கிடைக்கவில்லை என்று விட்டிருந்தார்கள்.

உங்களுக்குச் சொல்லக் கூடாது, சொன்னால் நீங்கள் செத்தே போய்விடுவீர்கள் என்று அம்மா சொன்னாள். ஆனால் நீங்கள் இன்னும் ஆறு டப்பா வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் என்ன செய்வது? அதனால்தான் எழுதுகிறேன். கோபமில்லை, சித்தி. நானும்தான் அந்த உப்பைப் போட்டேன்.

தம்பி இப்போது வீட்டில் இருக்கிறான். கீழே அவன் எழுதுவான். என்னைப் படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டான்.

சித்தி நல்லா இருக்கீங்களா. நான் நல்லா இருக்கேன். எனக்கு ஒரு கிட்னி வேணும். உங்களுக்கு ரெண்டு இருக்கு. உங்க ஸ்கூல் அட்டைல ஓ போட்டிருக்கு, எனக்கும் ஓ. அம்மா அந்த அட்டைய தலகாணிக்கு அடில வச்சிருக்கா, ஆனா உங்ககிட்ட கேக்க மாட்டா. அதான் நான் கேக்குறேன். பயமா இருந்தா வேண்டாம். எனக்கும் ஊசின்னா மொதல்ல பயமா இருந்துச்சு, அப்புறம் பழகிருச்சு. முடியாதுன்னா முடியாதுன்னு எழுதுங்க, நான் கோவப்பட மாட்டேன். இப்படிக்கு சின்னவன்.

செப்டம்பர் 12

அன்புள்ள குட்டிக்கு,

சௌக்கியமா என்று எழுதக் கை வருகிறது, பதில் வருமா என்று தெரியவில்லை. மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு எழுத்து இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. மாப்பிள்ளை எடுத்து, "நல்லா இருக்கா, தூங்குறா" என்கிறார். பட்டப்பகலில் என்ன தூக்கம்?

பிள்ளைகள் இரண்டும் உனக்கு எழுதியது போன வாரம்தான் தெரிந்தது. சின்னவனே சொல்லிவிட்டான். "சித்தி இன்னும் பதில் போடலையேம்மா, அட்ரஸ் சரியாத்தானே எழுதினோம்?" என்று கேட்டான். என்ன எழுதினாய் என்று கேட்டேன். சொன்னான். பெரியவளை ஒரு அறை அறைந்தேன். அவள் செய்த தப்பு என்ன என்று எனக்கே தெரியவில்லை.

உப்புக்காக நான் உன்னைத் திட்டவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். திட்டினேன், குட்டி. அந்த ஏழு நாளும் தீவிர சிகிச்சை அறைக்கு வெளியில் பெஞ்சில் உட்கார்ந்து, வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம் என்னைத் திட்டிக்கொண்டேன். நர்ஸம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வாயெடுத்தேன்கூட. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவன் சாப்பாட்டை நிறுத்திவிடுவானே என்று பயந்து கேட்காமல் வந்துவிட்டேன். உனக்குத் தெரியாது, நீ ஆசையில் செய்தாய். எனக்கு ஒரு வருஷமாகப் பட்டியல் மனப்பாடம். கேட்காமல் விட்டது நான். அந்தக் கணக்கில் உன்னை நான் சேர்க்க மாட்டேன்.

அவன் கேட்டதை நான் கேட்டதாக எடுத்துக்கொள்ளாதே என்று அடுத்த வரி எழுத நினைத்தேன். அதுவும் பொய். நான்தான் கேட்டேன். அட்டையைப் பற்றி எழுதினேனே, அன்றையிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பாஸ்தா, மாவு, அட்லஸ் என்று எழுதியதெல்லாம் அதைச் சுற்றித்தான். வாய்விட்டுக் கேட்டால் நீ மறுக்க வேண்டிவரும், மறுத்தால் உனக்கு அக்கா இல்லாமல் போய்விடும் என்று கேட்கவில்லை.

அவன் இப்போது சமையலறைக்கு வருவதில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறான். எதைக் கொடுத்தாலும், "இது என்னை ஒண்ணும் செய்யாதுல்ல?" என்று கேட்கிறான். போன வாரம் வெறும் சோற்றைக் கொடுத்தபோதும் கேட்டான். முதல் ஒரு மணி நேரத்தில் நர்ஸம்மாவே ஏதாவது எடுத்து நீட்டினாலும் வாயைத் திறப்பதில்லை.

முடியாது என்றால் முடியாது என்று எழுது. ஒரு வரி போதும். அவன் தபால்காரர் வருகிற நேரத்துக்கு ஜன்னலில் போய் நிற்கிறான்.

அக்கா

அக்டோபர் 18

அக்கா,

நலம் விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். சின்னவன் எப்படி இருக்கிறான்? நீ எப்படி இருக்கிறாய்?

ஜூன் கடைசியில் பிள்ளைகளின் கடிதம் வந்தது. ஆறு டப்பாவையும் குப்பையில் கொட்டினேன், கை கழுவினேன், மறுபடி மறுபடி கழுவினேன். அன்று உனக்கு எழுத உட்கார்ந்து 'மன்னித்துவிடு' என்பதற்கு மேல் வரவில்லை. அதை மட்டும் எப்படி அனுப்புவது? கிழித்துப்போட்டேன்.

சின்னவனுக்கு முடியாது என்று எழுத முடியவில்லை. அதனால் அவரிடம் சொல்லாமல் இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிறுநீரகம் தருகிறவர்களுக்கு என்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. விடுப்பு கிடைக்கிற நாளாகப் பார்த்து நான்கு முறை போனேன். ரத்தம் சேர்கிறது என்றார்கள். என்னுடையவை இரண்டும் நன்றாக இருக்கின்றன என்றார்கள். உனக்குத் தந்தி மாதிரி ஒரு வரி எழுதி வைத்திருந்தேன், 'வருகிறேன்' என்று. நாலாவது முறை போனபோது ஒரு டாக்டரம்மா என்னை மட்டும் தனி அறையில் உட்காரவைத்தார்.

எப்படி எழுதுவேன்? ஏழு வருஷம் காத்திருந்தது, அக்கா. அந்த அறையில் வைத்துச் சொன்னார்கள். ஏழு வாரம் ஆகியிருக்கிறது என்று.

"இப்போது எடுக்க முடியாது. குழந்தை பிறந்து ஒரு வருஷமாவது போகட்டும், அப்புறம் மறுபடி பார்க்கலாம்" என்றார். நான் தலையாட்டினேன். உன்னிடம் ஒளிக்க மாட்டேன். முடியாது என்று அவர் சொன்னதும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. குழந்தை என்கிற சந்தோஷம்கூட அதற்கப்புறம்தான் வந்தது. மறுக்கிற வேலையை எனக்காக வேறு ஒருவர் செய்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த ஒரு நிமிடத்தை நினைத்துத்தான் இத்தனை நாள் உனக்கு எழுதவில்லை. போனையும் எடுக்கவில்லை. தங்குமா தங்காதா என்று பயமும் இருந்தது. இப்போது மூன்று மாதம் தாண்டிவிட்டது.

அப்புறம் வருவேன் என்று எழுதலாம். எழுதினால் அதை நீ நம்பிவிடுவாய் என்று பயமாக இருக்கிறது. அப்போது என் மனசு என்ன சொல்லும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியாது. சின்னவனிடம் நீயே ஏதாவது சொல். என்னைக் கெட்டவளாகச் சொன்னாலும் சரிதான்.

குட்டி

நவம்பர் 30

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வாந்தி குறைந்ததா? மாவு மூட்டை தூக்குகிறாயா? தூக்கினால் உதைப்பேன்.

உன் கடிதம் கடையில் வைத்துத்தான் கைக்கு வந்தது. ஒரு கல்லூரிப் பெண் நூறு பக்கம் பிரதி எடுக்கக் கொடுத்துவிட்டு நின்றாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது படித்தேன். ஏழு வாரம் என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அந்தப் பெண்ணிடம், "என் தங்கச்சிக்குக் குழந்தை" என்று சொன்னேன். அடுத்த பத்தியைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். அவளுடைய தாள்கள் எல்லாம் தலைகீழாக வந்து விழுந்துகொண்டிருந்தன, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் மாமாவிடம் சொன்னேன். "நல்ல விஷயம்தானே" என்றார். ஆமாம் என்றேன். அவர் லிப்ட் பார்க்கக் கிளம்பிப் போனார். நான் சிங்கில் கிடந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தரையில் அடித்தேன். ஒன்றுகூட உடையவில்லை, எல்லாம் எவர்சில்வர். அந்த நிம்மதியை ஏன் எழுதினாய் என்று உன்மேல் ஆத்திரம் வந்தது. எழுதாமல் இருந்திருந்தால் உன்னைச் சுலபமாக மன்னித்திருப்பேன்.

சின்னவனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். "சித்திக்குப் பாப்பா பொறக்கப்போகுதுடா, அதனால இப்ப குடுக்க முடியாது" என்றேன். "பாப்பா பொறந்தப்புறம்?" என்று கேட்டான். "அதுக்கும் ஒரு வருஷம் போகணும். அப்பவும் நிச்சயம் இல்ல" என்றேன். "ரெண்டு வருஷம்னு வச்சுக்குவோம், எத்தனை தடவை மெஷின்ல படுக்கணும்?" என்று பெரியவளைக் கேட்டான். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கணக்குப் போட்டு, "முந்நூத்திப் பன்னெண்டு" என்றாள். "ம்" என்றான். "பாப்பா நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனான். அதைப் பெரியவர்கள் யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிப் பட்டியலில் அவன் பெயரைச் சேர்த்துவிட்டோம். யாராவது இறந்து, அவர்கள் வீட்டார் சம்மதித்து, அது இவனுக்குச் சேர வேண்டும். முன்னால் எத்தனை பேர் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும், முகம் தெரியாத யாருடைய சாவுக்காகவோ காத்திருக்கிறோமே என்று தோன்றுகிறது. அதற்காக என்னை நீ எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள். வேறு வழி இருந்தால் சொல்.

வாக்கு எதுவும் தர வேண்டாம். நீ தராததே நல்லது. தந்திருந்தால் உன் பிள்ளை பிறக்கிற நாளை நான் வேறு கணக்குக்காக எண்ணியிருப்பேன்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அது ஒரு தப்பும் செய்யவில்லை. இருந்தும் அதன் முகத்தைப் பார்க்கிற நிமிடம் என் மனசில் என்ன வரும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நல்லதாகத்தான் வரும் என்று சத்தியம் செய்ய முடியாது. நீ உன் நிம்மதியை ஒளிக்காமல் எழுதினாய், நானும் ஒளிக்கவில்லை.

பிறந்ததும் எனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஊருக்குத் தூக்கிக்கொண்டு வா. நான் வாசலுக்கு வராமல் இருக்கலாம். அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லித் திரும்பி நிற்கலாம். கை நீட்டாமலே இருந்துவிடலாம். நீ அதையெல்லாம் பார்க்காதே. என்னை உட்காரச் சொல்லி, பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு, நீ அந்தப் பக்கம் போய்விடு.

உன் அக்கா